பொரி போடும் தம்பி

அக்கா கல்யாணத்துக்கு முந்தைய மாதங்களில், சாயங்காலக் காப்பி ஆறுவதற்குள் எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் தினமும் ஒரு கல்யாணம் நடந்து முடியும். ஜன்னல் கட்டையில் என் போன். பெரியப்பா மகள் கல்யாணத்தில் யாரோ எடுத்த வீடியோவிலிருந்து நான் வெட்டியெடுத்த நாதஸ்வரமும் தவிலும் அதில் இருக்கும். ஹால் நடுவில் மணைப்பலகை போட்டு, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான் தம்பி. அவனுக்கு முன்னால் தாம்பாளம் நிறையப் பொரி. எதிரே, ஆபீஸிலிருந்து வந்து சேலைகூட மாற்றாமல், இரண்டு கையையும் குவித்து ஏந்தியபடி அக்கா.

போனைத் தொட்டதும் நாதஸ்வரம் எழும்பும். தவில் பைய நடந்து வந்து அதோடு சேர்ந்துகொள்ளும். தம்பி இடுப்பிலிருந்து முன்னும் பின்னும் ஆட ஆரம்பிப்பான்.

"தேர் கெளம்பிட்டு" என்பார் அப்பா, பேப்பரை இறக்காமலேயே.

தம்பிக்கு ஆட்டிசம். இருபது வயது தாண்டி மீசையும் வைத்துவிட்டான், பேச்சு மட்டும் நாலைந்து வார்த்தைதான். பாட்டு கேட்டால் ஆடுவான். ஆடும்போது வலது கை விரல்கள் காதுப் பக்கத்தில் விசிறி மாதிரி விரிந்து மூடும். படித்தவர்கள் இதை ஸ்டிம்மிங் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அது தேர். ஆடத் தொடங்கினால் தேர் கிளம்பிவிட்டது, ஓய்ந்தால் நிலைக்கு வந்துவிட்டது. நெல்லையப்பர் கோயில் தேரை நடுரோட்டில் வைத்து நில் என்றால் நிற்குமா? இவனும் அப்படித்தான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்ததும், பெண்ணின் கூடப்பிறந்தவன் மணமேடையில் உட்கார்ந்து அவள் கையில் பொரி போட வேண்டும். அதை அவள் அக்கினியில் இடுவாள். மூன்று தடவை. அவ்வளவுதான் வேலை. ஆனால் அதற்கு முன்னால் கெட்டிமேளம் வரும். பெரியப்பா மகள் கல்யாணத்தில் அம்மா இவனை ஆடவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெட்டிமேளம் இடிந்து விழுந்ததும் இவன் காதைப் பொத்திக்கொண்டு அலறி, செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினான். அப்பாவும் நானும் பின்னாலேயே ஓடினோம். அந்தக் கல்யாணத்தில் தாலி கட்டியதை நாங்கள் பார்க்கவில்லை.

ஆகவே பயிற்சி. யோசனை என்னுடையதுதான். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. ஆட்டிசம் என்று எங்கே எழுதியிருந்தாலும் படித்துவிடுவேன். முதலில் போனில் சத்தத்தைக் கொசு ரீங்காரம் அளவுக்கு வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் புளூடூத் ஸ்பீக்கரில் கண்ணாடி அலமாரி அதிரும்படி வைக்க வேண்டும் என்று திட்டம். அதே நாதஸ்வரக் குழுவையே பேசினோம். பெரியப்பா மகள் கல்யாணத்தில் வாசித்த மாதிரியே அக்கா கல்யாணத்திலும் வாசிக்க முடியுமா என்று அப்பாவோடு போய்க் கேட்டேன்.

"அன்னைக்கு என்ன வாசிச்சோம்னு யாருக்கு வே தெரியும்?" என்றார் தவில்கார அண்ணாச்சி. "போனக் கொண்டாம்மா. கேட்டுப் பாப்போம்."

கேட்டார். தொடையில் தாளம் போட்டார். "நல்லாத்தான் வாசிச்சிருக்கோம் போல" என்று சொல்லிவிட்டு, வரிசை மாறாமல் அப்படியே வாசிக்க ஒப்புக்கொண்டார்.

அதே இசை, அதே வரிசை, அதே ஆட்கள். இனி என்ன தவறும் என்று நினைத்தேன்.

தினம் ஒரு கல்யாணம் கேட்பது லேசான காரியம் இல்லை. கெட்டிமேளம் அடித்து ஓய்ந்ததும் வீடியோவில் யாரோ ஒரு ஆள், "ஏலே, அந்த ஃபேன பெருசா வைலே! பொக கண்ணக் கரிக்கு!" என்று கத்துவார். கூட்டம் சிரிக்கும். பிறகுதான் பொரி. அந்தக் குரல் எங்கள் வீட்டு ஆள் மாதிரியே ஆகிவிட்டது. குழம்பு காரமாக இருந்தால் அப்பா, "ஃபேன பெருசா வைலே" என்பார். தம்பி மட்டும் சிரிக்க மாட்டான். அந்த இடம் வந்ததும் தலையைத் தூக்கி எங்கள் ஹால் ஃபேனை ஒரு பார்வை பார்ப்பான். பிறகு பொரியில் கை வைப்பான்.

எதிர்வீட்டு மாமா வாசலில் நின்று கேட்டார். "என்ன வே, தெனமும் உம்ம வீட்டுல முகூர்த்தமா? ஒருநாளாவது எலையப் போடும் வே."

"எலையெல்லாம் கடைசி முகூர்த்தத்துக்குத்தான் வே. இதெல்லாம் ஒத்திகை" என்றார் அப்பா.

அம்மாவுக்கு மட்டும் இதில் சிரிப்பு வரவில்லை. அவன் பொரி போட்டால் மட்டும் அவளுக்குப் போதாது. ஆடாமல் போட வேண்டும். மாப்பிள்ளை வீடு விக்கிரமசிங்கபுரம். பெண் பார்க்க வந்த அன்று தம்பியை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். "பையன் எங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதற்கு, "அவனுக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று அம்மா சொல்லியிருந்தாள். அக்கா மாப்பிள்ளையிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "எங்கம்மாட்ட நான் பைய சொல்லிக்கிடுதேன்" என்றார் அவர். பைய, பைய என்றே நாள் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் அம்மா ஒத்திகையின்போது பின்னால் வந்து உட்கார்ந்து, தம்பியின் இரண்டு தோளிலும் கையை வைத்து அழுத்தினாள். "ஆடாத ராசா. அம்மைக்காக." அவன் ஆட்டத்தை நிறுத்தினான். கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. கெட்டிமேளம் வந்தபோது தாம்பாளத்தைத் தட்டிவிட்டான். சோபாவுக்கு அடியெல்லாம் பொரி. அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

பொரியைப் பெருக்கிக்கொண்டே அம்மா என்னிடம் பாய்ந்தாள். "ஏட்டி, ஆடாம இருக்கத்தானே பழக்கச் சொன்னேன்? நீ என்னடான்னா ஒழுங்கா ஆடப் பழக்கி வச்சிருக்க."

"ஆடலேன்னா அவனால சத்தத்தத் தாங்க முடியாதும்மா. பஸ்ஸுல நின்னுக்கிட்டு வரும்போது நீ மேல கம்பியப் புடிச்சுக்கிடுதேல்லா? அவனுக்கு ஆட்டந்தான் கம்பி."

"ஊரு பாக்குமே."

"பாக்கட்டும்."

"ஒனக்கென்ன, பாக்கட்டும்னு சொல்லிட்டு லேப்டாப்ப மூடிருவ. நான்லா அந்தக் கூட்டத்துக்குள்ள போயிப் போயி வாரேன்."

அதுவும் நிஜம்தான். பாபநாசம் பஸ்ஸில் டிரைவர் பாட்டு போட்டால் தம்பி ஆடுவான். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்த் தள்ளி நிற்பார். அம்மா உடனே தம்பியை எழுப்பிக்கொண்டு, "நீங்க உக்காருங்க" என்று இடத்தை விட்டுவிடுவாள். இருபது வருஷம் அப்படி நின்றுகொண்டே போனவள். அவள் கை அவன் தோளுக்குப் போவது, பாவம், பழக்கம்.

கம்பி விஷயம் புத்தகத்தில் படித்ததில்லை. எனக்கும் அதே ஆட்டிசம்தான். கோயம்புத்தூரில் படிக்கும்போது மருத்துவர் சொன்னார். வீட்டுக்குப் போன் செய்து சொன்னதும் அம்மா, "ஒனக்கா? தனியா கோயமுத்தூருக்குப் பஸ்ஸேறிப் போறவளுக்கு என்ன கேடு? படிச்சுப் படிச்சு உள்ள சீக்கெல்லாம் ஒனக்கு இருக்க மாதிரி தோணுது" என்று வைத்துவிட்டாள்.

எனக்குப் பாட்டு காதோடு நிற்பதில்லை. முதுகுத்தண்டுக்குள் இறங்கிவிடும். இறங்கியதை எங்காவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். தம்பி ஆடிக் கொட்டுகிறான். நான் பள்ளிக்கூடப் பிரேயரில் ஆடி, "ஏளா, இவளுக்குப் பேய் புடிச்சிருக்கு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதோடு நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் ஷூவுக்குள் கால் பெருவிரல் மட்டும் ஆடும். மற்றவர்களோடு உட்கார்ந்து ஒரு முழுப் பாட்டு கேட்டால் கெண்டைக்கால் கட்டிக்கொள்ளும், தாடை வலிக்கும். கச்சேரிக்குக் கூட்டிப் போனவர்கள், "எவ்வளவு அமைதியா ரசிக்கா!" என்பார்கள். ரூமுக்கு வந்து, கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆடித் தீர்த்த பிறகுதான் சாப்பாடே இறங்கும். அசையாமல் இருப்பது ஒரு வேலை. பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது.

இதையெல்லாம் சொன்னால் அம்மா மறுபடி சீக்குக் கணக்கு போடுவாள் என்று சொல்லவில்லை. அசதியாகவும் இருந்தது. பகலெல்லாம் கம்பெனி மீட்டிங், சாயங்காலம் கெட்டிமேளம்.

அப்பா நடுவில் ஒரு வழி செய்தார். பெரியப்பா மகனுக்கும் ஒரு பட்டு வேட்டி எடுத்தார். தம்பியால் முடியாவிட்டால் அண்ணன் முறையில் அவன் உட்கார்ந்து பொரி போட்டுவிடுவான். "பன்னெண்டாவது பிளேயர் சித்தப்பா நானு. சும்மா தண்ணி பாட்டிலோட ஓரமா நிக்கேன்" என்றான் அவன்.

அக்கா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "எனக்கு ஒரே ஒரு தம்பி. அவன் போட்டாப் பொரி. இல்லேன்னா என் கை வெறுங்கையாவே இருக்கட்டும். வேற யாரும் போடக்கூடாது."

"ஏளா, சாஸ்திரம்னு ஒண்ணு..." என்று அம்மா தொடங்கினாள்.

"ஆடிக்கிட்டே போடக்கூடாதுன்னு அதுல இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள் அக்கா.

கல்யாணத்தன்று விடியற்காலையில் விக்கிரமசிங்கபுரத்துக்கு வேன். அம்பாசமுத்திரம் தாண்டும்போது ஆற்றுப்பக்கம் பனி கிடந்தது. யாரும் தூங்கியிருக்கவில்லை. தம்பி மட்டும் நன்றாகத் தூங்கி, குளித்து, பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசி, மாப்பிள்ளையைவிட மாப்பிள்ளையாக இருந்தான்.

மண்டபம் புதிது. ஏசி. அந்த ஊர் மில்லுக்காரக் குடும்பங்கள் நிறைய வந்திருந்தன. மணமேடையில் அக்காவுக்குப் பக்கத்தில், ஓரமாக, தம்பிக்கு மணை. அவனுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் அம்மா. பெரியப்பா மகன் அண்ணன் படிக்கட்டுக்குக் கீழே, புது வேட்டியோடு.

நாதஸ்வரம் எழும்பியது. வீட்டில் கேட்ட அதே எழுப்பு. தேர் கிளம்பியது. முதல் வரிசையில் இரண்டு தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அம்மாவின் கை என் தோளைத் தாண்டி நீண்டது. நான் நகர்ந்து மறித்து உட்கார்ந்தேன். அந்தக் கை என் முதுகில் இறங்கி அங்கேயே கிடந்தது.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று ஐயர் கையை உயர்த்தினார்.

இடிந்து விழுந்த மாதிரித்தான் இருந்தது. ஸ்பீக்கரில் கேட்பது வேறு. நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்பது வேறு. தம்பி ஆட்டத்தைப் பெரிதாக்கினான். விரல்கள் காதருகே பறந்தன. காதைப் பொத்தவில்லை. அலறவில்லை. ஓடவில்லை. அத்தான் தாலி கட்டுவதை இந்த முறை முழுசாகப் பார்த்தேன். தவில் ஓய்ந்தது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"பொண்ணோட தம்பி, பொரி போடுப்பா" என்றார் ஐயர்.

அக்கா கையைக் குவித்து நீட்டினாள். தம்பி போடவில்லை. கை தாம்பாளத்துக்கு மேலேயே நின்றது. ஆடிக்கொண்டே இருந்தான்.

"போடுப்பா." ஐயர் சத்தமாகச் சொன்னார்.

"போடு ராசா" என்றாள் அம்மா.

இல்லை. நெருப்பில் நெய் சடசடத்தது. மாப்பிள்ளையின் அம்மா மகன் பக்கம் குனிந்து, "தம்பிக்கு என்னலே?" என்று கேட்டது மைக்கில் விழுந்தது. அத்தான் குனிந்து மாலையைச் சரிசெய்தார். அப்பா கீழே பார்த்துத் தலையசைத்தார். அண்ணன் படியில் ஒரு காலை வைத்தான். அக்கா அவனைப் பார்த்தாள். அவன் காலை எடுத்துக் கீழே வைத்துவிட்டான். அவள் கை நீட்டியபடியே இருந்தது.

எங்கே தப்பு? வரிசை சரி. சுருதி சரி. சத்தம் சரி. நான் படித்த அத்தனையும் தலைக்குள் ஓடின, ஒன்றும் உதவவில்லை. அப்போது தம்பி தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான். வெள்ளைச் சுண்ணப் பூவேலை செய்த கூரை. மறுபடி பார்த்தான். எதையோ தேடினான்.

ஃபேன் இல்லை. ஏசி மண்டபம்.

இரண்டு மாதமாக நாங்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த கல்யாணத்தில், ஃபேன் போடச் சொன்ன பிறகுதான் பொரி. அவன் முறைப்படி காத்துக்கொண்டிருந்தான். நாங்கள்தான் முறையில் ஒன்றை விட்டுவிட்டோம்.

எழுந்து நின்று, உள்ள குரலையெல்லாம் திரட்டிக் கத்தினேன். "ஏலே, அந்த ஃபேன பெருசா வைலே! பொக கண்ணக் கரிக்கு!"

மண்டபம் முழுவதும் திரும்பியது. ஓரத்தில் நின்ற மண்டபத்து ஆள் பதறிப்போய், "யம்மா, இது ஏசில்லா! ஃபேன் கெடையாதும்மா!" என்று திருப்பிக் கத்தினார். கூட்டம் சிரித்தது. அப்பா வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும், சரியான இடத்தில், தம்பி இரண்டு கையாலும் பொரியை அள்ளி அக்கா கையில் போட்டான். முன்னால் ஆடும்போது அள்ளினான், பின்னால் போகும்போது நிமிர்ந்தான். பாதி பொரி பட்டுச்சேலையில் விழுந்தது. அக்கா மிச்சத்தை நெருப்பில் இட்டாள். இரண்டாவது. மூன்றாவது. மூன்றாவதில் ஒரு பொரிகூடச் சிந்தவில்லை. தவில்கார அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் அவன் குனியும்போது ஒரு சின்ன அடி கொடுத்தார். அது எங்கள் வீடியோவில் இல்லாதது. தம்பி அதை ஏற்றுக்கொண்டான்.

பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் என் உடம்பு மொத்தமாகக் கைவிட்டது. அப்பளத்தை நொறுக்கக்கூடத் தெம்பில்லை. மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வரிசைக்கு வந்து அம்மா முன்னால் நின்றார்.

"கூச்ச சுபாவம்னீகளே மைனி."

வேறொரு நாளாக இருந்தால் அம்மா ஏதாவது புனைந்திருப்பாள். அன்றைக்கு அவளுக்கும் முடியவில்லை. "கூச்சமெல்லாம் கெடையாது. அவன் பொறந்ததுலருந்தே அப்பிடித்தான். பாட்டு கேட்டா ஆடுவான். ஆடலேன்னா அவனுக்குத் தாங்காது." என்னைப் பார்க்காமலேயே, "இவளும் அப்பிடித்தான். வெளிய தெரியாது" என்றாள்.

சாம்பார் ஊற்ற வந்தவர் வாளியோடு காத்து நின்றார்.

"மொதல்லயே சொல்லிருக்கலாம்லா? வேண்டாம்னா சொல்லிருக்கப் போறேன்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அப்புறம், "சொல்லிருந்தா யோசிச்சிருப்பேன். நான் பொய் சொல்லப்படாது" என்றார். "சரி, சாப்பிடுங்க. ரசம் நல்லாருக்கு." போய்விட்டார்.

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிட்டாளா என்று தெரியவில்லை.

அக்காவை அங்கே விட்டுவிட்டு வெயில் தாழ்ந்ததும் வேன் ஏறினோம். ஏறும்போது அவள் தம்பியின் தலையைப் பிடித்துக் கோதினாள். அவனுக்குத் தலையைத் தொட்டால் பிடிக்காது. அன்று விட்டான். வேன் புறப்பட்டது. அக்கா இல்லாத இடம் சீட்டில் அகலமாகக் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், காலையிலிருந்து ஆடிய கால் பெருவிரல் வீங்கியிருந்தது.

கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் தம்பி என் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினான். எனக்கு நன்றாகத் தெரியும், எது வேண்டும் என்று.

"வேண்டாம்லே. இன்னைக்குமா?"

போனை என் முகத்துக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தான். போட்டேன்.

நாதஸ்வரம் எழும்பியது. அவன் ஆட ஆரம்பித்தான். தடுக்கத் தெம்பில்லை என்பதுதான் உண்மை. என் முதுகும் சீட்டிலிருந்து எழுந்து அவனோடு போய்விட்டது. முன்னால், பின்னால். பள்ளிக்கூடப் பிரேயருக்கு அப்புறம் ஆட்கள் முன்னால் இப்போதுதான். வேன் குலுக்கலில் எல்லோருமே கொஞ்சம் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்பா தூங்கியிருந்தார். தம்பிக்கு அந்தப் பக்கம் அம்மா, தலையை ஜன்னலில் சாய்த்து, கண்ணை மூடியிருந்தாள். கெட்டிமேளம் தொடங்கியது.

கண்ணைத் திறக்காமல் அம்மா, "ஏலே, அந்த ஃபேன பெருசா..." என்றாள்.

முந்திவிட்டாள். தம்பி சட்டென்று கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினான். பொத்தியபடியே ஆடிக்கொண்டு, கெட்டிமேளம் முழுவதும் அடித்து ஓயும்வரை காத்திருந்தான். ஓய்ந்ததும் கையை எடுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"வைலே" என்றாள் அம்மா.